பொய்த்தளமும் மெய்த்தளமும்

ஆண்டுமலரில் தரையைப்பற்றி ஒருவன் எழுதப் புகுந்தால் நண்பர்கள் நகைத்தல் கூடும். கூரையையும் கோபுரத்தையும் அண்ணாந்து நோக்குவார் பலர். காலின்கீழ் உள்ளதைக் குனிந்து நோக்குவார் சிலரே. யான் நம் கல்லூரியை விட்டு நீங்கியபின், இராயபுரம் தொடங்கி எண்ணூர்வரை உள்ள அலுவலகங்களிலும் ஆலைகளிலும் தளம் அமைக்கும் தொழிலை மேற்கொண்டு வருதலின், அதனையே பொருளாகக் கொண்டு என் கருத்தொன்றை மாணவ அன்பர்முன் வைக்கத் துணிந்தேன்.

கணிப்பொறி அறைகளிலும் மின்நிலையக் கட்டுப்பாட்டு அறைகளிலும் நாம் நடப்பது பெரும்பாலும் கட்டடத்தின் உண்மைத் தரையன்று. கான்கிரீட்டுத் தரைமேல் இரண்டடிக்கு ஒன்றாக எஃகுக் கால்களை நிறுத்தி, அவற்றின் தலைமீது 600 மில்லிமீட்டர் சதுரப் பலகைகளை அடுக்கிய மேற்றளம் அது. இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் மின்கம்பிகளும் செய்திக்கம்பிகளும் ஓடும். சில இடங்களிற் குளிர்காற்றும் ஓடும். கம்பி மட்டும் செல்வதாயின் அரையடி உயரம் போதும். காற்றும் செல்லவேண்டின் இரண்டடியோ அதற்கு மேலோ வேண்டும். பழுது நேர்ந்தால் சுவரை உடைக்க வேண்டுவதில்லை. உறிஞ்சு பிடியால் ஒரு பலகையைத் தூக்கினால் அடியில் உள்ளதெல்லாம் தெரியும். அறை நிறைந்து நின்ற பழைய பெருங்கணிப்பொறிகளின் காலத்தே பரவிய முறை இது. தொழிலாளர் இதனைப் ‘பால்ஸ் ப்ளோர்’ என்பர். தமிழிற் சொல்லின் பொய்த்தளம். இத்துணைப் பாரத்தையும் தாங்கி நிற்பதைப் பொய்யென்றல் முறையோ என்று யான் எண்ணியதுண்டு. ஆயினும் அப்பெயர் நம் வடசென்னையில் ஓர் எச்சரிக்கையாகவும் அமைகின்றது.

என்னை? இப்பகுதி கிழக்கே கடலும் மேற்கே பக்கிங்காம் கால்வாயும் எல்லையாக, வடக்கே கொசத்தலையாறு கடலொடு கலக்கும் முகத்துவாரம்வரை நீண்டு கிடக்கும் தாழ்நிலம். மேற்கே பெய்த மழைநீரெல்லாம் கடலை அடைய இதனைக் கடந்தே செல்லவேண்டும்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3, 4 ஆகிய நாட்களில் மிக்ஜாம் புயல் சென்னைமேற் பெருமழை பொழிந்ததை யாவரும் அறிவர். வெள்ளம் வடிந்தபின், 1856-ல் திறக்கப்பெற்ற இராயபுரம் புகைவண்டி நிலையத்திற்குச் சிறிது தொலைவில் உள்ள ஓர் அலுவலகத்திற்கு என்னை அழைத்திருந்தனர். பெயர் வேண்டா. “அறைக்குள் நீர் வரவில்லை, ஆயினும் யந்திரங்கள் ஏனோ நின்றுவிட்டன” என்றனர். மேற்பலகைகள் உலர்ந்தே இருந்தன. முன்னாள் துடைத்த மெருகுகூடக் குலையவில்லை. ஒரு பலகையைத் தூக்கினேன். கீழே முழங்கால் நனையும் அளவு சேற்றுநீர் அசையாமற் கிடந்தது. கம்பியிணைப்புக்கள் யாவும் அதனுள் மூழ்கியிருந்தன. மேலே நடமாடிய காவலர் இருவர்க்கும் இரண்டு நாளாகக் கால் நனையவில்லை! சுவரிற் கம்பி நுழைய வைத்த துளையை ஒருவரும் அடைக்கவில்லை. அதன் வழியே நீர் புகுந்திருந்தது. அத்தளத்தை இட்டவன் யானல்லேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அதே குறையுடைய தளங்களை யானும் இட்டிருக்கின்றேன்.

குறை எங்கே பிறந்தது? நூல்களிற் புகழப்படும் ஒரு நல்ல முறையிலேதான். பொய்த்தளம் நடைவழியின் மட்டத்திற்கு மேலே எழுந்து நின்றால் வாயிலிற் படியோ சரிவோ வேண்டும். சரிவு, ஓரடி உயரத்திற்குப் பன்னீரடி நீளம் வேண்டுமாதலின் இடத்தை விழுங்கும். ஆதலின் கட்டடம் எழும்போதே அவ்வறையின் தரையை மட்டும் தாழ்த்தி வார்த்துவிட்டால், மேற்றளம் நடைவழியொடு ஒரே மட்டமாகும். சக்கர நாற்காலியில் வருவாரும் தடையின்றிப் புகுவர். மாடியில் இதனைவிடச் சிறந்த முறை இல்லை. நம் கடற்கரைத் தாழ்நிலத்திற் கீழ்த்தளத்தில் அதனையே செய்தால், யந்திரங்களுக்கு அடியில் நாமே ஒரு குளம் வெட்டி, அதனைப் பலகையால் மூடியவராவோம். திண்ணையை உயர்த்திக் கட்டி, படியேறி வீடு புகுந்த நம் முன்னோர் இப்பிழையைச் செய்திரார்.

ஆகவே என் கருத்து இது: இப்பகுதியில் இத்தகைய அறையை முதல் மாடிக்கு ஏற்றுக. ஏற்ற இயலாதெனின் கீழ்த்தரையைத் தாழ்த்தாது, கட்டடத்தின் பீடத்தையே வெள்ளமட்டத்திற்கு மேல் உயர்த்திச் சரிவுவழிக்கு இடம் ஒதுக்குக. கம்பிகளைத் தரையிற் கிடத்தாது தட்டுக்களில் ஏற்றி ஓட்டுக. பொய்த்தளத்தின் அடியில் ஈரம் பட்டவுடன் ஒலிக்கும் உணர்கருவி வைக்க அதிகப் பொருள் செலவாகாது. கடற்காற்றின் உப்பு எஃகுக் கால்களை அரிக்குமாதலால் துத்தநாகப் பூச்சின்றி ஒன்றையும் ஏற்றல் ஆகாது. இவையெல்லாம் வரைபடம் எழுதும்போதே முடிவுசெய்யத் தக்கன. நடப்பதோ வேறு. சுவர் எழும்பி, கதவு பொருத்தி, வெள்ளையும் அடித்தபின் எங்களை அழைத்து, “எத்தனை நாளில் முடியும்?” என்று வினவுகின்றனர். அப்போது உயரத்தை முடிவுசெய்வது கதவின் அடிவிளிம்பே.

இனி, பொய்த்தளமே வேண்டா என்பாரும் உளர். கம்பிகளைத் தலைக்குமேல் ஓட்டிவிட்டு யந்திரங்களை வெறுந்தரையில் நிறுத்தும் புதிய கணிப்பொறி நிலையங்கள் இந்நாளிற் பல. என் பிழைப்புக்கு மாறாயினும், கீழ்த்தள அறைகளைப் பொறுத்தவரை அவர் கூற்றே சரியென்று ஒப்புக்கொள்கின்றேன். அவரும் யந்திரத்தை ஒரு பீடத்தின்மேல் ஏற்றுதல் நலம்.

நிற்க. தளம் உயர்த்துதலிற் கணக்கில் வாராத பகுதி ஒன்றுண்டு. ஓரிடத்தை உயர்த்தினால் வேறோரிடம் தாழும். 1876-ல் சென்னைத் துறைமுக அரண் கட்டும் பணி தொடங்கியபின், தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்க் கரையைக் கடல் அரித்தது. நிலத்திலும் அவ்வாறே. ஆலை தன் மனையை மண்கொட்டி உயர்த்துகின்றது. சாலையோ பழைய மேற்பரப்பின்மேற் புதியது இட்டு இட்டு வளர்கின்றது. பழையதைச் சுரண்டி எடுத்தபின்னரே புதியது இடுக என்று 2021-ல் அரசின் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். அதற்கு முன்னரே எத்தனையோ வீட்டு வாயில்கள் தெருவுக்குக் கீழே போய்விட்டன. பொருளுடையார் வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குகின்றனர். இல்லாதார் வாயிலிற் செங்கல்லை அடுக்குகின்றனர். மிக்ஜாம் புயலின்போது மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கலந்து வந்த வெள்ளம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்து வீடுகளுட் புகுந்து சுவரிற் கருங்கோடு இட்டுச் சென்றது. மீனவர் படகும் வலையும் அவ்வெண்ணெயில் தோய்ந்தன. அவ்வீடுகளுக்குப் பொய்த்தளம் இல்லை, மெய்த்தளம் ஒன்றே.

ஆதலின் பொறியியல் பயின்று வரைபடம் எழுதப்போகும் நம் மாணவரிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. அறைக்குள் தளம் எத்தனை அங்குலம் உயர்கின்றது என்று எழுதும் அதே தாளில், வெளியே தெரு எத்தனை உயரத்தில் உள்ளது, அடுத்த வீட்டு வாயிற்படி எத்தனை உயரத்தில் உள்ளது என்பவற்றையும் எழுதுக. நம் மனையில் விழும் நீர் எவ்வழியே யார் வாயிலுக்குப் போகும் என்பதையும் ஓர் அம்புக்குறியாற் காட்டுக. ரசமட்டமும் நூல்கயிறும் கொண்டு அளக்க இருவர்க்கு அரைநாள் வேலையே.