வரைபடத்தில் வௌவால் இல்லை... அப்படியென்றால் அந்த ஊரில் வௌவாலே இல்லையா?

1948. தேனி மாவட்டத்து மேகமலை. தோட்டத் தொழிலில் இருந்த அங்கஸ் ஹட்டன் என்ற இயற்கை ஆர்வலர், அங்கே ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடிக்கிறார். பார்த்தால் ஊரெங்கும் திரியும் குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால் மாதிரியே இருக்கிறது. அந்தப் பெயரிலேயே அது மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்புக்குப் போய்ச் சேர்கிறது. அவ்வளவுதான், கதை முடிந்தது.

முடியவில்லை. பல ஆண்டுகள் கழித்து, கிட்டி தோங்லோங்யா என்ற தாய்லாந்து விலங்கியலாளர் அதே மாதிரியை எடுத்துப் பார்க்கிறார். வெளியே தெரியும்படி வால் இல்லை. பல் அமைப்பும் வேறு. இது அந்த வௌவாலே இல்லை. அதுவரை அறிவியலுக்குத் தெரியாத ஓர் இனம். இனம் மட்டுமல்ல, பேரினமே புதுசு! 1972-ல் பறவையியலாளர் சலீம் அலியின் பெயரை அதற்குச் சூட்டுகிறார்: லாட்டிடென்ஸ் சலீமலியை. அதாவது, உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு தென்னிந்திய வௌவால், தப்பான பெயரோடு 24 ஆண்டுகள் அலமாரியில் தூங்கியிருக்கிறது. உயிரோடு அது மறுபடி ஆய்வாளர்கள் கையில் சிக்கியது 1993-ல்.

(சின்ன தகவல்: உலகின் மிகச் சிறிய வௌவால் இனங்களில் ஒன்றுக்குப் பின்னாளில் கிட்டியின் பெயரையே வைத்தார்கள்.)

இன்றைக்குக் களக்காடு முண்டந்துறை, பெரியாறு பக்கமும் சலீம் அலி வௌவால் பதிவாகியிருக்கிறது. அங்கெல்லாம் அது புதிதாகக் குடியேறியதா? இல்லை. அங்கே போய்த் தேட ஆள் வந்தது, அவ்வளவுதான். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால், வௌவால் கணக்கெடுப்பு ஏன் இவ்வளவு தலைவலி என்பதும் புரிந்துவிடும்.

எத்தனை வகை என்பது தெரியும்தானே?

ஓரளவுக்குத் தெரியும். உலகில் 1,400-க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள். இந்தியாவில் சுமார் 130. பாலூட்டிகளில் எலி, அணில் கூட்டத்துக்கு அடுத்த பெரிய கூட்டம் இதுதான். 1910-களில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் நடத்திய பாலூட்டிகள் கணக்கெடுப்பில் தொடங்கி இந்தப் பட்டியல் நீண்டுகொண்டே வருகிறது.

ஆனால் பட்டியல் வேறு, வரைபடம் வேறு. 'இந்தியாவில் இருக்கிறது' என்று சொல்வது சுலபம். 'எந்த மாவட்டத்தில், எந்தக் குகையில், எத்தனை' என்று கேட்டால்தான் திணறல். மதுரைப் பக்கத்துக் குகை ஒன்றில், வௌவாலின் உடல் கடிகாரம் கூட்டத்தோடு சேர்ந்து ஓடுகிறதா என்று பார்த்த ஆய்வை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1981-லேயே வெளியிட்டார்கள். பாளையங்கோட்டையில் குட்டைமூக்கு வௌவால் கொடிகளைக் கடித்துக் கூடாரம் கட்டுவதைப் பல ஆண்டுகள் உட்கார்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். ஆய்வாளர் இருக்கும் ஊரில் தகவல் குவிகிறது. பேருந்து மாறி மாறிப் போகவேண்டிய ஊரில் வரைபடம் வெள்ளையாகவே கிடக்கிறது. அந்த வெள்ளைக்கு 'இல்லை' என்று அர்த்தமில்லை. 'யாரும் பார்க்கவில்லை' என்றுதான் அர்த்தம்.

பறவையை எண்ணுகிற மாதிரி எண்ணிவிட முடியாதா?

பறவைக்கு ஒரு பைனாகுலர், கையில் மொபைல் ஆப், காலை ஆறு மணிக்கு எழுந்திருக்கும் மனசு போதும். வௌவால் இருட்டில் வருகிறது, வேகமாகப் பறக்கிறது, அது எழுப்பும் சத்தம் பெரும்பாலும் நம் காதுக்கே எட்டாது. நமக்குக் கேட்பது அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ் வரை. பூச்சி தின்னும் வௌவால்களின் எதிரொலிச் சத்தம் பெரும்பாலும் அதற்கு மேலேதான்.

அதனால் ஆய்வாளர்களிடம் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, பகலில் அவை தங்கும் குகை, மரம், பாழடைந்த கட்டடங்களைத் தேடிப்போய் எண்ணுவது. இரண்டு, ராத்திரியில் மெல்லிய வலை கட்டிப் பிடித்து, அளந்து, விட்டுவிடுவது. இதற்கு வனத்துறை அனுமதி வேண்டும், பிடிப்பவர் ரேபிஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். மூன்று, கேளா ஒலியைப் பதிவு செய்யும் கருவியை மரத்தில் கட்டிவிட்டு வருவது. ஆடியோமாத் மாதிரி கையடக்கக் கருவிகள் வந்தபிறகு இது முன்னைவிட எளிதாகியிருக்கிறது.

பிரச்சினை என்னவென்றால், மூன்றும் மூன்று விதமாகப் பொய் சொல்லும். மரங்களுக்கு மேலே உயரத்தில் பறக்கிற வௌவால் வலையில் விழவே விழாது. குதிரைலாட வௌவால் மாதிரி கூர்மையான எதிரொலி உள்ளவை வலையையே 'பார்த்து' விலகிவிடும். சரி, ஒலிக்கருவி? பழந்தின்னி வௌவால்களில் பெரும்பாலானவை எதிரொலியை நம்பிப் பறப்பதில்லை, கண்ணையும் மூக்கையும்தான் நம்புகின்றன. ஆகவே கருவியைப் பொறுத்தவரை அவை அங்கே இல்லவே இல்லை. பொய் ரத்த உறிஞ்சி என்று பெயர் வாங்கிய வௌவாலோ (பெயர்தான் அப்படி, ரத்தம் எல்லாம் குடிக்காது) ரகசியம் பேசுகிற மாதிரி மெதுவாகச் சத்தம் எழுப்பும். பக்கத்தில் வந்தால்தான் பதிவாகும்.

இதைத் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வால்பாறையில் தேயிலை, காபித் தோட்டங்கள், இடையிடையே மிச்சமிருக்கும் காட்டுத் துண்டுகள் எல்லாவற்றிலும் கிளேர் வேர்ட்லி தலைமையிலான குழு வௌவால்களைப் பதிவு செய்தது. முதலில் அந்தப் பகுதி வௌவால்களின் ஒலி நூலகம் ஒன்றைத் தயாரித்தார்கள். அதை வைத்துக் கேட்டபோது, வலையில் சிக்காத இனங்களும் பட்டியலில் வந்து சேர்ந்தன. அதைவிட முக்கியமான ஒரு முடிவும் கிடைத்தது. தேயிலைத் தோட்டத்தில் வௌவால்களின் பன்மை குறைவு. நிழல் மரங்களை விட்டுவைத்த காபித் தோட்டமோ காட்டுத் துண்டுக்கு ஓரளவு நெருங்கி வருகிறது. இரண்டும் பச்சைதானே என்று சாலையில் போகிற நமக்குத் தோன்றும். வௌவாலுக்கு அப்படி இல்லை.

அந்த ஒலி நூலகத்தை வேறு மலைக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. ஒரே இனத்தின் சத்தம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், நம்ம ஊர்த் தமிழ் மாதிரி. ஒவ்வொரு பகுதிக்கும் உள்ளூர்ப் பதிவு தேவை.

ஒரே ஒரு குகையில் மட்டும் இருந்தால்?

இங்கேதான் விஷயம் சீரியஸாகிறது. கர்நாடகத்தின் இரண்டு குகைகளைப் பார்ப்போம்.

முதலாவது, பெலகாவி மாவட்டத்துப் பாராப்பேட் குகை. ராட்டனின் தளர்வால் வௌவால் என்ற இனத்தை 1913-ல் அங்கிருந்துதான் விவரித்தார்கள். கிட்டத்தட்ட 90 ஆண்டுகள் உலகத்துக்கே அது அந்த ஒரு குகை வௌவால்தான். அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று பட்டியலிட்டார்கள். பிறகு கம்போடியாவில் கிடைத்தது. பெலகாவியிலிருந்து சுமார் 2,000 கி.மீ. தள்ளி மேகாலயாவிலும் கிடைத்தது! 'அழிகிறது' என்று எழுதிய இடத்தில் 'போதிய தகவல் இல்லை' என்று மாற்றி எழுத வேண்டியதாயிற்று. அதற்காக அந்தக் குகையைக் காத்தது வீண் என்று சொல்ல முடியாது. இன்று அது பீம்காட் வனவிலங்கு சரணாலயப் பகுதியில் இருக்கிறது.

இரண்டாவது, கோலார் மாவட்டம். அங்குள்ள இலைமூக்கு வௌவாலை 1994-ல்தான் தனி இனமாக அறிவித்தார்கள். தேரஹள்ளி, அனுமனஹள்ளி என்று இரண்டு இடங்களில் இருந்தது. இப்போது தேரஹள்ளியில் இல்லை. அனுமனஹள்ளியின் ஒரு குகையில் மட்டும், 200-க்கும் குறைவாகவே இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். சுற்றிலும் கிரானைட் பாறை. பாறைக்கு விலை உண்டு, வௌவாலுக்கு என்ன விலை? கல்குவாரி வேலையைத் தடுத்து நிறுத்தி, குகையைச் சுற்றியுள்ள இடத்தைப் பாதுகாக்க வேண்டியிருந்தது.

வரைபடத்தில் இரண்டும் ஒரே ஒரு புள்ளி. முதல் புள்ளிக்கு அர்த்தம், மற்ற இடங்களில் நாம் தேடவில்லை. இரண்டாவது புள்ளிக்கு அர்த்தம், தேடியாயிற்று, மிச்சம் இவ்வளவுதான். எது எது என்று மேசையில் உட்கார்ந்து சொல்லவே முடியாது. ராத்திரி நேரத்தில் ஆள் போய்ப் பார்த்தாக வேண்டும். குவாரிக்கு அனுமதி கேட்டு வரும் ஃபைல் அதுவரை காத்திருக்குமா என்பதுதான் கேள்வி. சுற்றுச்சூழல் அறிக்கையில் வௌவால் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், அங்கே வௌவால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளப்படும். எனக்கு இதில் பயமுறுத்தும் இடம் அதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை ஐந்தாம் அட்டவணையில் வைத்திருந்தது. காகம், எலி வரிசையில், 'தொல்லை தரும் விலங்கு'. யாரும் கொல்லலாம். தேவைப்பட்ட பாதுகாப்பு சலீம் அலி வௌவால் போன்ற சிலவற்றுக்கு மட்டும் தனியாகக் கிடைத்தது. இனம் பிரித்துப் பார்க்காமல் மொத்தமாக முத்திரை குத்தினால் என்னாகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஹட்டன் பிடித்த வௌவாலும் அலமாரியில் தப்பான பெயரோடு இருந்தவரை, அந்தக் கூட்டத்தில் ஒன்றுதானே! 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையே எடுக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் திருத்தம் நடைமுறைக்கு வந்தது.

நிபா பயம்?

நியாயமான கேள்வி. 2018-ல் கோழிக்கோடு, மலப்புரத்தில் நிபா 17 பேரைப் பலிவாங்கியது. நோய் தொடங்கிய வீட்டின் கிணற்றில் வௌவால்கள் இருந்தன; உடனே எல்லோர் கண்ணும் அவற்றின் மேல் விழுந்தது. பரிசோதித்தார்கள், நிபா இல்லை. காரணம், அவை பூச்சி தின்னும் வௌவால்கள். பிறகு அந்தப் பகுதியில் பெரிய பழந்தின்னி வௌவால்களைப் பிடித்துச் சோதித்தபோதுதான் 52-ல் 10-ல் வைரஸின் தடயம் கிடைத்தது.

ஆக, 'வௌவாலால் வந்தது' என்ற தலைப்புச் செய்தி பாதிதான். எந்த வௌவால், எங்கே தங்குகிறது, எந்த மாதத்தில் எதைத் தின்கிறது என்று தெரிந்தால்தான் சுகாதாரத் துறை எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்றே முடிவு செய்ய முடியும். ஒவ்வொரு முறை நிபா செய்தி வரும்போதும் மரத்தை வெட்டு, பட்டாசு போட்டு விரட்டு என்று ஒரு குரல் எழும். விரட்டினால் அவை பக்கத்து ஊருக்குப் போகும். பதற்றத்தில் இருக்கும் வௌவால் வைரஸை அதிகம் வெளியேற்றலாம் என்பதும் விஞ்ஞானிகளின் எச்சரிக்கை. வௌவால் கடித்த பழத்தைச் சாப்பிடாமல் இருப்பது இதைவிடப் பயனுள்ள வேலை.

நம் ஊரில் எங்கே பார்க்கலாம்?

கோயிலில். தாமிரபரணிப் பாசனப் பகுதியில் வயல்களுக்கு நடுவே இருக்கும் பழைய கோயில்களில் ஏட்ரீ ஆய்வாளர்கள் வௌவால்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். சுற்றிலும் நெல்வயல், குகை கிடையாது, பெரிய மரங்களும் குறைவு. அப்படிப்பட்ட நிலத்தில் இருட்டான கல் பிரகாரம்தான் குகை. பகலெல்லாம் அங்கே தொங்கிவிட்டு, ராத்திரி வயல்மேல் பூச்சி பிடிக்கின்றன. இருட்டு மூலைகள் உள்ள கோயிலில் வௌவால் இருக்கிறது. விளக்கு போட்டு, புதுப்பித்து, திறப்புகளை அடைத்த கோயிலில் குறைகிறது.

கும்பாபிஷேகத் திருப்பணி நடக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நாற்றமும் எச்சமும் பக்தர்களுக்குத் தொந்தரவுதான், அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் வலை அடிப்பதற்கு முன்னால் உள்ளே இருப்பது எந்த இனம், எத்தனை, குட்டி போட்டிருக்கிறதா என்று ஒரு சாயங்காலம் எண்ணிப் பார்க்கலாமே? பெரும்பாலான வௌவால்கள் ஒரு தடவைக்கு ஒரே குட்டிதான் போடும். தாய் இரை தேடி வெளியே போன நேரத்தில் வாசலை அடைத்தால், உள்ளே இருக்கும் குட்டிகள் கதி என்ன என்று சொல்லத் தேவையில்லை.

கோயில் வேண்டாம், அபார்ட்மென்ட் போதும் என்கிறீர்களா? காம்பவுண்டில் நெட்டிலிங்க மரம் இருந்தால் அதன் தொங்கும் இலைகளுக்கு உள்பக்கம் அண்ணாந்து பாருங்கள். குட்டைமூக்கு வௌவாலின் ஆண், இலைக் காம்புகளைக் கடித்து அங்கே கூடாரம் போட்டு வைத்திருக்கலாம்.

பார்த்தால் தேதி, நேரம், இடம், தோராயமான எண்ணிக்கை, ஃபிளாஷ் இல்லாத ஒரு படம். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் போட்டால் யாராவது ஆய்வாளர் பெயர் சொல்வார். குகையாக இருந்தால் துல்லியமான இடத்தை மறைத்துப் போடுங்கள். ரீல்ஸ் எடுக்கக் கூட்டம் கிளம்பிவிடும். உள்ளே நுழையாதீர்கள். கீழே விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள். வனத்துறைக்குச் சொன்னால் போதும். கடித்துவிட்டால் மட்டும் தாமதிக்காமல் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.