பெரியம்மாவின் தண்ணீர்ச் செம்பு

சாரல் காலத்தில் கடையநல்லூருக்குப் போவதென்றால் எனக்குத் தனிச் சந்தோஷம். குற்றாலத்துக் காற்று அங்கேயும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும் அல்லவா? ஆனால் இந்தத் தடவை பெரியம்மாவைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் பறந்துவிட்டது. வலது கையில் மாவுக்கட்டு. உதடெல்லாம் வறண்டு கிடந்தது.

"ராத்திரி புறவாசலுக்குப் போகையிலே படி தெரியலைட்டி, விழுந்துட்டேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு ராத்திரிக்கு நாலு தரம் எந்திரிக்க வேண்டியிருக்கு. யார்கிட்டச் சொல்ல? அதான் பகல்லேயே தண்ணியைக் குறைச்சுட்டேன்" என்றாள்.

சகோதரிகளே, இப்படி வாயை மூடிக்கொண்டு அவஸ்தைப்படும் பெரியவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை, இரண்டு லிட்டர்தான் வெளியேறுகிறது. மீதி திரும்ப இரத்தத்துக்கே போய்விடுகிறது. இந்த வேலை இரவும் பகலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. வாலிபத்தில், இரவு வந்தால் மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் கூடுதலாகச் சுரந்து, 'தண்ணீரைச் சேமித்து வை' என்று சிறுநீரகத்துக்குக் கட்டளையிடும். ஆகவே விடியும்வரை நிம்மதியாகத் தூங்குகிறோம்.

இரவு வந்தது உடம்புக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் இதைப் பல்லாண்டு ஆராய்ந்தார். இருட்டுக் குகையில் வாழும் வௌவால்களிடமும், கடிகாரமும் வெயிலும் இல்லாத அறையில் தாமே முன்வந்து தங்கிய மனிதர்களிடமும் அந்தக் கடிகாரத்தின் ஓட்டத்தை அங்கே கவனித்தார்கள். அதன் நுட்பத்தைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

வயதானால் இந்தக் கடிகாரம் நின்றுவிடுவதில்லை. அதன் குரல் மெலிந்துவிடுகிறது. இரவில் அந்த ஹார்மோன் முன்போலக் கூடுவதில்லை. போதாக்குறைக்கு, பகலெல்லாம் காலில் தங்கிய நீர், படுத்ததும் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்கு வந்து சேருகிறது. 65 வயது தாண்டியவர்களுக்கு, ஒரு நாளைய சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவிலேயே போனால், அதைக் கவனிக்க வேண்டிய விஷயமாக டாக்டர்கள் கருதுகிறார்கள்.

இதற்குப் பரிகாரம் பட்டினித் தாகம் அல்ல. முதுமையில் தாக உணர்ச்சியே குறைந்துவிடும். அதோடு தண்ணீரையும் குறைத்தால் தலைசுற்றல், மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று எல்லாம் வரும். பெரியம்மா விழுந்ததற்குப் படி மட்டும்தானா காரணம்?

நாங்கள் செய்தது இதுதான். எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று மூன்று நாள் அளந்து எழுதி, டாக்டரிடம் காட்டினோம். அவர் சர்க்கரையும் பிரஷரும் பார்த்தார். சாயங்காலம் சாப்பிட்டு வந்த நீர் பிரியும் மாத்திரையை வேறு நேரத்துக்கு மாற்றினார். (நீங்களாக எதையும் மாற்றாதீர்கள். இருதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவு தண்ணீரே குடிக்க வேண்டும்.) காலையிலிருந்து விளக்கு வைக்கும் நேரத்துக்குள் பெரியம்மாவின் செம்பு காலியாக வேண்டும். அதன்பிறகு காபி கிடையாது. மத்தியானம் ஒரு மணி நேரம் காலைத் தலையணைமேல் உயர்த்திப் படுக்க வேண்டும். புறவாசல் படிக்கு ஒரு சின்ன விளக்கு.

போன வாரம் டெலிபோனில் பேசினாள்: "இப்போ ரெண்டு தரம்தான் எந்திரிக்கேன்."

அடுத்த அறையில் படுத்திருந்த மருமகளுக்கு, விழுந்த அன்றுவரை இது தெரியாது. கூச்சம் அவ்வளவு! உங்கள் வீட்டுப் பெரியவர்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள். நீங்கள்தான் தனியாக, மெதுவாகக் கேட்க வேண்டும்.