ஓர் எழுத்தை மறைக்கும் விளம்பரங்கள்

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். செய்தியில் ஒருவர் பெயர் பிழைத்தால் மறுநாளே திருத்தம் வெளியிடுவோம். அதே பத்திரிகையின் விளம்பரப் பக்கத்தில் "படித்து முடித்ததும் வேலை நிச்சயம்" என்று வரும். அதை எவரும் சரிபார்த்ததில்லை. நானும் சரிபார்த்ததில்லை. அந்தக் குற்ற உணர்வோடுதான் இதை எழுதுகிறேன்.

திருமணமாகி அமெரிக்கா சென்ற என் பெறாமகள் சென்ற வாரம் ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தாள். மெடிக்கல் கோடிங், பில்லிங் இரண்டையும் ஒன்பது மாதத்தில் கற்றுத் தருவார்களாம். கட்டணத்துக்கான கடனையும் அவர்களே ஒழுங்கு செய்வார்களாம். "பெரியப்பா, சேரட்டோ?" என்று கேட்டிருந்தாள்.

தொழிலில் குறையில்லை. வைத்தியர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டை இடுவது கோடிங். அதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்பி, மறுத்தால் வாதாடிப் பணம் பெறுவது பில்லிங். சிக்கலற்ற இரண்டாம் வகை நீரிழிவுக்கு ஈ11.9. அதே நீரிழிவால் சிறுநீரகம் நாட்பட்டுப் பழுதுற்றிருந்தால் ஈ11.22, அதனுடன் சிறுநீரக நோயின் கட்டத்தைக் காட்டும் இன்னொரு குறியீடும் வேண்டும். பிழைத்தால் பணம் வராது. நோய்க் குறியீடுகள் ஒவ்வோர் ஒக்டோபரிலும், சிகிச்சைக் குறியீடுகள் ஒவ்வொரு ஜனவரியிலும் மாறுகின்றன. ஆக, இது மூளைக்கு வேலை தரும் மதிப்பான உத்தியோகம்.

என் சண்டை விளம்பரத்தோடுதான். "சான்றிதழ் வழங்கப்படும்" என்கிறது அது. யாருடைய சான்றிதழ்? பயிற்சி நிலையம் தானே அச்சிட்டுத் தரும் தாள் வேறு. வேலை தருபவர் கேட்கும் தகுதி வேறு. அமெரிக்காவில் பெரும்பாலும் கேட்கப்படுபவை ஏஏபிசி, அஹிமா ஆகிய இரு தொழில்சார் சங்கங்கள் வழங்கும் தகுதிகள். ஏஏபிசியின் சிபிசி பரீட்சைக்கு 100 கேள்விகள், 4 மணித்தியாலம், சித்தி பெற நூற்றுக்கு 70. அதில் தேறினாலும் அனுபவமில்லாதவரின் தகுதி "சிபிசி-ஏ" என்றே எழுதப்படும். அந்த "ஏ" பயிலுநர் என்பதன் அடையாளம். இரண்டாண்டு வேலை அனுபவத்தையோ, சங்கம் ஏற்கும் மாற்றுப் பயிற்சியையோ காட்டினால்தான் அது நீங்கும். அனுபவமில்லாமல் வேலையில்லை, வேலையில்லாமல் அனுபவமில்லை என்ற சுழலில் புதியவர்கள் சிக்குவது இங்கேதான். விளம்பரத்தில் அந்த ஓர் எழுத்து இல்லவே இல்லை.

"சோம்பேறி மாணவனுக்கு வேலை கிடைக்காவிட்டால் கல்லூரி என்ன செய்யும்?" என்பார்கள். அவர்களுக்குக் கொரிந்தியன் கல்லூரிகளின் கதையை நினைவூட்டுகிறேன். அமெரிக்காவெங்கும் கிளை பரப்பிய அந்த வணிக நிறுவனம் இதே கோடிங், பில்லிங் கற்கைநெறியையும் விற்றது. எத்தனை மாணவர் வேலை பெற்றனர் என்பதில் பொய்க்கணக்குக் காட்டியதற்காக அதன் ஹீல்ட் கல்லூரிக்கு 2015 ஏப்ரலில் கல்வித் திணைக்களம் ஏறத்தாழ 3 கோடி டொலர் தண்டம் விதித்தது. அதே மாதம் எஞ்சிய வளாகங்களும் மூடப்பட்டன. ஏறக்குறைய 16,000 மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். 2022 ஜூனில், முன்னாள் மாணவர்கள் சுமார் 5,60,000 பேரின் 580 கோடி டொலர் கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. ஐந்தரை இலட்சம் பேரும் சோம்பேறிகளா?

பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். இந்தக் கற்கைநெறி எந்தச் சங்கத்தின் எந்தப் பரீட்சைக்குத் தயார்படுத்துகிறது? சென்ற ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் தேறினர், எத்தனை பேர் கோடிங் வேலையிலேயே இருக்கின்றனர்? நடப்பாண்டுக் குறியீட்டு நூல்களும் பரீட்சைக் கட்டணமும் சொன்ன தொகைக்குள் அடங்குமா?

மலிவான வழிகளும் உள்ளன. அரசு சார்ந்த சமுதாயக் கல்லூரிகள் பல இதைக் கற்பிக்கின்றன. தகுதியிருந்தால், திருப்பிக் கொடுக்க வேண்டாத பெல் உதவித்தொகையும் கிடைக்கலாம். சங்கங்களே நேரடியாக வகுப்பு நடத்துகின்றன. உடற்கூற்றியலும் மருத்துவச் சொற்களும் முன்பே அறிந்த தாதியர், மருந்தாளர் போன்றோர் சொந்தமாகப் படித்தும் பரீட்சைக்கு அமரலாம். இவற்றில் எதுவும் வேலைக்கு உத்தரவாதம் தராது. ஆனால் தருவதாகப் பொய் சொல்லி யாரையும் கடனாளி ஆக்குவதுமில்லை.

பெறாமகளுக்கு எழுதிவிட்டேன்: "முதலில் சமுதாயக் கல்லூரியில் விசாரி. அந்த நிலையத்துக்குப் போனால் மூன்று கேள்விகளையும் கேள். எழுத்தில் தர மறுத்தால், கையெழுத்து வைக்காமல் எழுந்து வந்துவிடு பிள்ளை."

பத்திரிகை நடத்தும் நண்பர்களுக்கும் ஒரு சொல். அதே மூன்று கேள்விகளை விளம்பரம் கொண்டுவருபவரிடம் நீங்களும் கேளுங்கள். பதில் தராதவரின் காசு நமக்கு வேண்டாம். நான் அந்தக் கதிரையில் இருந்தபோது கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.