ஸ்போர்ட்ஸ் காரை ‘மோட்’ செய்தால் விற்கும்போது கூடுதல் விலை கிடைக்குமா?

சனிக்கிழமை இரவு. ஃபேரர் பார்க் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ரேஸ் கோர்ஸ் ரோட்டில், மீன் தலைக் கறி சாப்பிட வரிசையில் நிற்கிறீர்கள். படபடவென்று வெடிக்கும் சத்தத்தோடு ஒரு கார் கடந்து போகிறது. வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

1933-இல் பந்தயத் திடல் புக்கித் தீமாவுக்கு மாறும்வரை இந்த வட்டாரத்தில் குதிரைகள்தான் ஓடின. சாலைக்கு அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான். இன்றைக்குத் திரும்பிப் பார்க்க வைப்பவை ரிம், ஸ்பாய்லர், எக்ஸாஸ்ட் எல்லாம் மாற்றிய கார்கள்.

“15,000 வெள்ளி போட்டிருக்கேன்டா. விக்கும்போது எப்படியும் அந்தக் காசு வந்துடும்.” காரை மோட் செய்த நண்பர் யாராவது உங்களிடம் இப்படிச் சொல்லியிருக்கலாம். உண்மையிலேயே வருமா?

சுருக்கமான பதில்: சிங்கப்பூரில் பெரும்பாலும் வராது. சில மாற்றங்கள் விலையைக் குறைக்கவும் செய்யும். காரணம் நம் நாட்டில் காரின் விலை உருவாகும் விதத்தில் இருக்கிறது.

பழைய காரின் விலையில் என்ன இருக்கிறது?

சிங்கப்பூரில் கார் வாங்கும்போது காருக்கு மட்டும் நாம் பணம் கொடுப்பதில்லை. அதை 10 ஆண்டு ஓட்டும் உரிமைக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். அதுதான் சிஓஇ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழ். பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் கார்கள் அடங்கும் ‘பி’ பிரிவில் சிஓஇ கட்டணம் 2023 அக்டோபரில் 150,001 வெள்ளியைத் தொட்டது.

இதோடு கூடுதல் பதிவுக் கட்டணமும் உண்டு. சுருக்கமாக ஏஆர்எஃப். காரின் திறந்த சந்தை மதிப்பை வைத்து இதைக் கணக்கிடுவார்கள்.

10 வயதுக்குள் காரின் பதிவை நீக்கினால் இரண்டு தொகைகள் திரும்பக் கிடைக்கும். ஒன்று, சிஓஇ-யில் மிச்சமிருக்கும் காலத்துக்கான பணம். இன்னொன்று, ஏஆர்எஃபில் ஒரு பகுதி. இதைப் ‘பார்ஃப்’ தள்ளுபடி என்பார்கள். இரண்டையும் கூட்டினால் வருவதுதான் ‘பேப்பர் வேல்யூ’. பழைய கார் சந்தையில் பேரம் இதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 2024-இல் பதிவான ஒரு காரின் திறந்த சந்தை மதிப்பு 40,000 வெள்ளி, சிஓஇ 100,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000 வெள்ளிக்கு 140 விழுக்காடு என்ற விகிதப்படி ஏஆர்எஃப் 48,000 வெள்ளி.

5 ஆண்டு முடியும்போது:

- சிஓஇ-யில் மிச்சம்: 50,000 வெள்ளி
- ஏஆர்எஃபில் 75 விழுக்காடு: 36,000 வெள்ளி
- பேப்பர் வேல்யூ: 86,000 வெள்ளி

உங்கள் 15,000 வெள்ளி இதில் எங்கே? எங்கேயும் இல்லை. சிஓஇ, ஏஆர்எஃப், காரின் வயது ஆகிய மூன்றைத்தான் இந்தக் கணக்கு பார்க்கிறது. ரிம் என்ன பிராண்ட், சஸ்பென்ஷன் எவ்வளவு விலை என்று யாரும் கேட்பதில்லை. பேப்பர் வேல்யூவுக்கு மேலே வாங்குபவர் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருக்கிறாரோ, அந்தச் சின்னப் பகுதிக்குள்தான் உங்கள் செலவு முழுவதும் அடங்கியாக வேண்டும்.

வாங்குபவர் முதலில் பார்ப்பது எதை?

பழைய கார் தேடும் பலர் மொத்த விலையைவிட ஆண்டுத் தேய்மானத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். டீலர்கள் வாயில் இது ‘டெப்ரி’.

அதே காரை 110,000 வெள்ளிக்கு விளம்பரம் செய்கிறீர்கள். 10 வயதில் பார்ஃப் தள்ளுபடியாக 24,000 வெள்ளி திரும்ப வரும். அதைக் கழித்து, மீதியை மிச்சமிருக்கும் 5 ஆண்டுகளால் வகுத்தால், டெப்ரி ஆண்டுக்கு 17,200 வெள்ளி.

மோட் செய்ததற்காக 10,000 வெள்ளி கூட்டிக் கேட்டால் அது 19,200 ஆகிவிடும். நீங்கள் ரசித்துப் போட்ட பாடி கிட் அந்த எண்ணில் தெரியாது. வாங்குபவருக்கு அது ஆண்டுக்கு 2,000 வெள்ளி அதிகமான ஒரு கார், அவ்வளவுதான்.

சிஓஇ இரண்டே ஆண்டு மிச்சமிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதே 10,000 வெள்ளி டெப்ரியை ஆண்டுக்கு 5,000 வெள்ளி உயர்த்திவிடும். மற்ற நாடுகளில் நல்ல சஸ்பென்ஷனை நீண்ட காலம் அனுபவிக்கலாம். இங்கே சிஓஇ முடியும் நாள் அதற்கும் கெடு.

கடனிலும் ஒரு சிக்கல் உண்டு. திறந்த சந்தை மதிப்பு 20,000 வெள்ளியைத் தாண்டிய காருக்கு விலையில் 60 விழுக்காடு வரைதான் கடன் வாங்க முடியும். மீதியைக் கையிலிருந்து போட வேண்டும். உங்கள் ரிம்முக்கும் சேர்த்து விலை கேட்டால், அவருடைய ரொக்கச் சுமையும் ஏறுகிறது. தேசிய சேவை முடித்து, முதல் வேலையில் சேர்ந்து, சேமிப்பைச் சுரண்டி கார் வாங்க வரும் ஒருவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆலையிலேயே பொருத்தி வந்தால்?

புதிய காரை ஆர்டர் செய்யும்போதே தேர்ந்தெடுக்கும் வசதிகள் காரின் திறந்த சந்தை மதிப்பில் சேர்ந்துவிடும். அவற்றுக்கும் வரி உண்டு. ஆனால் நாம் மேலே பார்த்தது போன்ற காரில், அந்த வரியில் ஒரு பகுதி பார்ஃப் தள்ளுபடியாகத் திரும்ப வரும்.

விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் காரில் கதையே வேறு. திறந்த சந்தை மதிப்பில் 80,000 வெள்ளியைத் தாண்டும் பகுதிக்கு ஏஆர்எஃப் 320 விழுக்காடு. 2024-இல் பதிவான அப்படிப்பட்ட காரில் 10,000 வெள்ளி மதிப்புள்ள ஒரு கூடுதல் வசதியைக் கேட்டால், ஏஆர்எஃப், சுங்கத் தீர்வை, ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து சுமார் 45,000 வெள்ளி ஆகிவிடும்.

திரும்ப வருவது? பார்ஃப் தள்ளுபடிக்கு 2023-இல் 60,000 வெள்ளி உச்சவரம்பு விதிக்கப்பட்டது. அந்த கார் ஏற்கெனவே வரம்பைத் தொட்டுவிட்டதால், இந்த வசதிக்காகத் தனியாக ஒரு காசும் வராது.

சட்டம் என்ன சொல்கிறது?

நிலப் போக்குவரத்து ஆணையம் மாற்றங்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது.

அனுமதி தேவையில்லாதவை: காரின் உடலைவிட்டு வெளியே துருத்தாத ரிம், ஆடியோ சிஸ்டம் போன்றவை.

அனுமதி தேவைப்படுபவை: எக்ஸாஸ்ட், எஞ்சின் போன்றவை. வேறு எக்ஸாஸ்ட் போட்டால் அதற்கான சோதனைச் சான்றும் இருக்க வேண்டும்.

அறவே கூடாதவை: வேகத்தைக் கூட்ட நைட்ரஸ் ஆக்ஸைடு பொருத்துவது போன்றவை.

கண்ணாடிக்கு ஒட்டும் டின்டுக்கும் அளவு உண்டு. முன் கண்ணாடியிலும் முன்பக்க ஜன்னல்களிலும் குறைந்தது 70 விழுக்காடு வெளிச்சம் ஊடுருவ வேண்டும். பின்பக்கத்துக்கு 25 விழுக்காடு. காரின் நிறத்தை மாற்றினால் அதையும் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும்.

“ஜோகூர் பாருல மலிவா மாட்டிக்கலாமே?” என்று கேட்பவர்கள் உண்டு. எங்கே மாட்டினாலும் கார் சிங்கப்பூரில் பதிவானது. விதியும் சிங்கப்பூர் விதிதான். சட்டவிரோத மாற்றங்களுக்கான தண்டனை 2021-இல் கடுமையாக்கப்பட்டது.

விற்பனைக்கு வரும்போது இதன் விளைவு நேரடியாகத் தெரியும். 3 வயது முதல் 10 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், 10 வயதுக்கு மேல் ஆண்டுதோறும் கார் சோதனைக்குப் போயாக வேண்டும். அனுமதி இல்லாத எக்ஸாஸ்ட் இருக்கும் காரை வாங்குபவர், அபராத அபாயத்தையும், பழைய பாகத்தைத் தேடிப் பிடித்து மாட்டும் செலவையும் சேர்த்தே வாங்குகிறார். அந்தச் செலவை உங்கள் விலையில் கழிக்காமல் விடுவாரா? காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றமாக இருந்தால், விபத்து நேரும்போது இழப்பீடு கிடைப்பதே கேள்விக்குறியாகலாம்.

அப்படியானால் மோட் செய்த கார் நல்ல விலைக்குப் போனதே இல்லையா?

போயிருக்கிறது. ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ படத்தில் பால் வாக்கர் ஓட்டிய ஆரஞ்சு நிற டொயோட்டா சுப்ரா 2021-இல் அமெரிக்காவில் 550,000 அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. தலை முதல் கால் வரை மாற்றிய கார் அது. ஆனால் அந்த விலை பாடி கிட்டுக்குக் கிடைத்தது அல்ல, படத்துக்கும் பால் வாக்கருக்கும் கிடைத்தது. அதே கிட்டை உங்கள் காரில் மாட்டினால் அந்த மதிப்பு கூடவே வராது.

இங்கேயும் ஒரு விதிவிலக்கு உண்டு. 10 ஆண்டு கழித்து சிஓஇ-யைப் புதுப்பித்த பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள். புதுப்பித்தவுடன் பார்ஃப் தள்ளுபடி போய்விடும். அதனால் காரின் தரத்துக்கே மதிப்பு கூடுகிறது. ஹோண்டா எஸ்2000, மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் போன்ற, உற்பத்தி நின்றுபோன கார்களைத் தேடி வாங்கும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களும் முதலில் கேட்பது, “ஒரிஜினல் பார்ட்ஸ் இருக்கா?” என்றுதான். நல்ல ரிம், தரமான சஸ்பென்ஷன், எல்லாவற்றுக்கும் ரசீது இருந்தால் அப்படி ஒருவரிடம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கலாம். அவர் கிடைக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் சிஓஇ கரைந்துகொண்டே இருக்கும்.

சென்னையில் சொந்தக்காரர் வைத்திருக்கும் காரைப் பார்த்து ஆசைப்படுபவர்களுக்கு ஒரு தகவல். இந்தியாவிலும் நினைத்தபடி மாற்ற முடியாது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட அடிப்படை அம்சங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

மோட் செய்யும் முன் கவனிக்க வேண்டியவை

- கழற்றிய ஒரிஜினல் பாகங்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஆனால் நான்கு ரிம்மும் ஒரு பம்பரும் வீவக வீட்டில் பெரிய இடத்தை அடைக்கும். நடைபாதையில் அடுக்கவும் முடியாது. எங்கே வைப்பது என்று முதலிலேயே யோசித்துவிடுங்கள்.

- திருப்பி மாற்ற முடிகிற மாற்றமா என்று பாருங்கள். ரிம்மைக் கழற்றலாம். வெட்டிய ஃபெண்டரை ஒட்ட முடியாது.

- ரசீது, அனுமதிக் கடிதம், சோதனைச் சான்று அனைத்தையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

- விற்கும்போது பாகங்களைக் கழற்றித் தனியாக விற்பதும் ஒரு வழி. அதே ரிம்மைத் தேடும் ஒருவர், கார் வாங்க வருபவரைவிட நல்ல விலை தரக்கூடும்.

- சிஓஇ எவ்வளவு காலம் மிச்சம் என்று பார்த்துச் செலவு செய்யுங்கள். வரிச் சலுகை விதிகள் அவ்வப்போது மாறுவதால், உங்கள் கார் பதிவான தேதிக்கு எந்த விதி பொருந்தும் என்பதையும் சரிபாருங்கள்.

காரை அழகுபடுத்துவதும், ஓட்டும் சுகத்துக்காகச் செலவு செய்வதும் தப்பே இல்லை. விமான டிக்கெட் வாங்கி ஊர் சுற்றி வந்தால் அந்தக் காசு திரும்ப வருமா என்று யாரும் கேட்பதில்லை. மோட் செலவையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கடன் வாங்கி, “இது முதலீடு” என்று சொல்லி அதே செலவைச் செய்தால் கணக்கு இடிக்கும். 15,000 வெள்ளியைக் கையில் எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது திரும்ப வராவிட்டாலும் பரவாயில்லையா? ‘பரவாயில்லை’ என்று மனசு சொன்னால் தாராளமாகச் செய்யுங்கள்.