நம் ஊரிலும் இலை சிவக்கும்

இரண்டாம் படிவ மாணவர்களிடம் கடந்த ஆண்டு ஒரு சிறு வேலை கொடுத்தேன். இலையுதிர் காலத்தை வரையச் சொன்னேன். வந்த தாள்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே இலைதான்: கனடா நாட்டுக் கொடியில் இருக்கும் மேப்பிள் இலை. வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்ற கெத்தாப்பாங் மரம் அந்த வாரம்தான் செக்கச்செவேலென்று சிவந்து இலை கொட்டிக்கொண்டிருந்தது. ஒருவரும் அதை வரையவில்லை.

சில மாதங்களில் அந்த மரத்தையும் வெட்டிவிட்டார்கள். 'குப்பை அதிகம்' என்பது காரணம். அறிவியல் ஆசிரியராக இருந்தும் அன்று நான் வாய் திறக்கவில்லை. இந்தக் கட்டுரை அதற்கான பரிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு இலையுதிர் காலம் இல்லை என்பது தவறு. என் அம்மா தாப்பா வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். சீனப் பெருநாளையொட்டிய வாரங்களில் மரங்களை அண்ணாந்து பார்த்து, "இலை கொட்ட ஆரம்பிச்சிடுச்சு, இனி பால் கொறைஞ்சிடும்" என்பார். பச்சையாக இருந்த தோட்டம் மஞ்சளாகி, செம்பழுப்பாகி, பிறகு வெறும் கிளையாக நிற்கும். அம்மாவுக்கு அது அழகு அல்ல. சம்பளம் குறையும் மாதம். சேமித்து வைத்த உணவை மரம் புதுத் தளிருக்குச் செலவிடுவதால்தான் பால் குறைகிறது. அம்மா அதைப் பாடப்புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அமேசான் காட்டிலிருந்து வந்த மரம் இது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த கன்றுகளில் சில நம் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. பால்மரத்தோடு அதன் இலையுதிர் காலமும் நம் தோட்டங்களுக்கு வந்தது. ஆனால் பேராக் தோட்டங்களில் பெரும்பகுதி இன்று செம்பனையாகிவிட்டது. செம்பனை ஆண்டு முழுவதும் பச்சைதான். அதனால் நம் பிள்ளைகள் இழந்தது பால்மரத்தை மட்டுமல்ல, கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பருவத்தையும்தான்.

இலை ஏன் நிறம் மாறுகிறது? உதிர்வதற்கு முன் மரம் இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பச்சை விலகியதும், முதலிலிருந்தே அங்கிருந்த மஞ்சள் நிறமியான கரோட்டினாய்டு வெளியே தெரிகிறது. சிவப்பின் கதை வேறு. அந்தோசயனின் என்ற நிறமியை இலை கடைசி நாட்களில் புதிதாகத் தயாரிக்கிறது. பிறகு காம்பின் அடியில் மெல்லிய பிரிபடலம் உண்டாகி, இலை தானே கழன்று விழுகிறது. குப்பை என்று நாம் கூட்டித் தள்ளுவது, மரம் கணக்குப் பார்த்துச் சத்தை எடுத்துக்கொண்ட பிறகு விட்ட மிச்சம்.

குளிர்நாடுகளில் பகல் குறைவதும் குளிர் கூடுவதும் இதற்கு அடையாளம் கொடுக்கின்றன. நம் ஊரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறக்குறைய அரை மணி நேரம்தான். இங்கே முக்கியமான அடையாளம் வறட்சி. மழை விட்டு வெயில் காய்ந்தால் பால்மரம் ஒரே சீராக உதிர்க்கும். மழை நிற்காத ஆண்டில் அரைகுறையாக உதிர்க்கும்.

ஆகவே மேப்பிள் விதை வாங்கலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு என் பதில், வேண்டாம் என்பதே. மேலே கேமரன் மலையில் குளிர் இருக்கிறதே என்பார்கள். அங்கே குளிர் உண்டு, ஆனால் குளிர்காலம் இல்லை. பகல் நீளமும் நமக்குள்ளதுதான்.

நிறம் வேண்டுமா? கெத்தாப்பாங்கை நடுங்கள். தமிழ்நாட்டில் நாட்டு வாதுமை என்பது இதுதான். பொதுவாக ஆண்டுக்கு இரண்டு முறை சிவந்து உதிர்க்கும். 20 மீட்டரைத் தாண்டி வளரக்கூடியது. கிளைகள் அடுக்கடுக்காக விரியும். எனவே சுவர், வடிகால், மின்கம்பி ஆகியவற்றிலிருந்து நன்றாகத் தள்ளி, திறந்த திடலில் நட வேண்டும். சின்ன வீட்டு முற்றத்துக்கு இது ஏற்ற மரமல்ல. அங்கே வேலியோரம் கெலாட் பாயா வைக்கலாம். அதன் தளிர் செம்மஞ்சளாகத் தோன்றி மெல்லப் பச்சையாகும். நுனியைக் கத்தரித்துவிட்டால் மறுபடியும் சிவந்து துளிர்க்கும். குரோட்டன் செடிக்கு நல்ல வெயில் வேண்டும்; நிழலில் வைத்தால் நிறம் மங்கும். குளிர்நாட்டு மரங்கள் பலவும் முதுமையில் சிவக்கும். நம் காட்டு மரங்கள் பலவும் பிறக்கும்போதே சிவக்கும்.

பராமரிப்பு கடினமானதல்ல. மரம் மொட்டையாக நின்றால் செத்துவிட்டதென்று உரத்தைக் கொட்டாதீர்கள். சில வாரம் பொறுங்கள். இளங்கன்றுக்கு மட்டும் வறட்சியில் தண்ணீர் ஊற்றுங்கள். உதிர்ந்த இலையை மரத்தடியில் பரப்புங்கள்; தண்டை ஒட்டிக் குவிக்க வேண்டாம். எரிக்கவே கூடாது, திறந்தவெளியில் எரிப்பது நம் நாட்டில் சட்டப்படி குற்றம். ஆனால் எல்லா உதிர்வும் இயல்பானதல்ல. பருவம் தப்பி, இலையில் வட்ட வட்டமான பழுப்புப் புள்ளிகளோடு கொட்டினால் அது நோயாக இருக்கலாம். கடந்த சில ஆண்டுகளாக இந்தோனேசிய, மலேசிய ரப்பர் தோட்டங்களை வாட்டும் பெஸ்டலோசியாப்சிஸ் பூஞ்சை நோய் இப்படித்தான் தெரியும்.

மரத்தை வெட்டச் சொல்பவர்களின் பேச்சிலும் நியாயம் உண்டு. அகன்ற கெத்தாப்பாங் இலை வடிகாலை அடைக்கும். சுருண்ட இலையில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். பள்ளிப் பணியாளருக்கு அந்த வாரங்களில் இடுப்பு ஒடியும். இவற்றுக்குத் தீர்வு கோடரி அல்ல. ஆண்டுக்கு இரண்டு முறை, சில வாரங்கள், வகுப்புக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக் கூட்டலாம். காய்ந்த இலையைச் சண்டை மீன் வளர்க்கும் பையன்கள் கேட்டு வாங்கிப் போவார்கள். மீன் தொட்டியில் போட அவர்களுக்கு அது வேண்டும். மீதி இலை உரக்குழிக்குப் போகட்டும்.

அதே இலைகளால் ஒரு பாடமும் நடத்தலாம். பச்சை இலையை நசுக்கி ஆல்கஹாலில் ஊறவைத்து, வடிதாளின் நுனியை அதில் நனைத்து நிறுத்துங்கள். பச்சைக்குப் பக்கத்தில் மஞ்சள் பட்டை ஏறி வரும். ஒளிந்திருந்த நிறத்தைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

பள்ளி வாரியங்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் என் வேண்டுகோள் இது: ஒரு மரத்தை வெட்ட முடிவெடுக்கும் முன், ஒரு வகுப்பு அதை ஓர் ஆண்டு கவனிக்கட்டும். எந்த வாரம் சிவந்தது, எந்த வாரம் கொட்டியது, எப்போது துளிர்த்தது என்று நாள்குறித்து எழுதட்டும். அதன் பிறகும் வெட்டத்தான் வேண்டுமென்றால் பேசுவோம். இந்த முறை நான் வாய் மூடி இருக்க மாட்டேன்.