குத்தகைக் காணியும் கட்டுத்துவக்கும்

சென்ற பெரும்போகத்தில் ஒரு நாள், சுபஹ் தொழுதுவிட்டு உம்மா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது வாப்பாவிடமிருந்து அழைப்பு வந்தது. "கச்சான் போயிட்டுது" என்றார். எத்தனை பாத்தி என்று உம்மா கேட்டார். "போனதைக் கேக்காதீங்க, மிச்சத்தைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார்.

நாங்கள் இருப்பது நுரைச்சோலையில். ஆனால் வாப்பாவின் பயிர்ச்செய்கை இங்கு இல்லை. எங்கள் மணல் மண்ணில் மிளகாயும் வெங்காயமும் நன்றாக விளையும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே இங்கே காணி கிடைப்பது அரிது. கிடைத்தாலும் குத்தகைப் பணம் எங்கள் கைக்கு எட்டாது. ஆகவே வாப்பா பாலாவிச் சந்திக்குப் போய், புத்தளம் நகரைக் கடந்து, எலுவன்குளம் வீதியில் வண்ணாத்திவில்லுப் பக்கமாக இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். அதற்கு வடக்கே வில்பத்துக் காடு. பகலில் அது வாப்பாவின் தோட்டம். இரவில் யாருடைய தோட்டம் என்று சொல்ல முடியாது.

கச்சானைத் தோண்டித் தின்றது காட்டுப்பன்றி. இந்தப் பெயரை நமது சஞ்சிகையில் எழுதலாமா என்று யோசித்தேன். எங்கள் உம்மம்மா அதன் பெயரைச் சொல்லவே மாட்டார், "அது வந்துட்டுப் போயிருக்கு" என்பார். நாங்கள் சொல்லத் தயங்கும் பெயர் என்பதால் அது எங்கள் கச்சானைத் தின்னத் தயங்குவதில்லை. எனவே எழுதிவிடுகிறேன்.

முன்பெல்லாம் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் அநுமதிப்பத்திரத்துடன் துவக்கு வைத்திருக்கும் ஒருவர் இருக்கிறார். வாப்பா அவரை "மல்லி" என்பார், அவர் வாப்பாவை "நானா" என்பார். விளைச்சல் காலத்தில் அவர் இரவில் வந்து காவல் கொட்டிலில் இருப்பார். ஒன்றைச் சுட்டால் மற்றவை சில நாட்களுக்கு அந்தப் பக்கம் வராது. இறைச்சி அவருக்கு, பயிர் எங்களுக்கு. பணம் கைமாறவில்லை. எங்களுக்கு ஹராமானதை அவர் கொண்டுபோவதால் பங்குச் சண்டையும் இல்லை. இரண்டு சமூகங்கள் இவ்வளவு இலகுவாக ஒத்துப்போன இன்னொரு விடயத்தை நான் கண்டதில்லை.

காணிச் சொந்தக்காரர் ஒரு நாள் வந்து அதை நிறுத்தினார். "என்ட காணியில துவக்குச் சத்தம் கேக்கக் கூடாது. நாளைக்குப் பொலிஸ் வந்தா எழுதுறது என்ட பேரைத்தான்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. காட்டோரத்தில் இருட்டில் சுடும்போது எதிரே நிற்பது பன்றியா மானா என்று யார் உறுதியாகச் சொல்வது? மானாக இருந்தால் வழக்கு வேறு. காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் பட்டியலில் இல்லை, மான் இருக்கிறது.

அதன் பிறகு வாப்பா ஓர் அலுவலகத்துக்குப் போனார். சேதத்துக்கு ஏதாவது கிடைக்குமா, பயிரைக் காக்க ஏதாவது வழி செய்வார்களா என்று கேட்டார். காணி உறுதியைக் கொண்டுவரச் சொன்னார்கள். வாப்பாவிடம் இருந்தது அப்பியாசக் கொப்பித் தாளில் எழுதிய குத்தகைக் கடிதம். சொந்தக்காரரைக் கூட்டி வாருங்கள் என்றார்கள். சொந்தக்காரருக்குப் பயிர் போனால் என்ன, வந்தால் என்ன? அவருடைய குத்தகைப் பணம் போகம் தொடங்கும் முன்பே கைக்குப் போய்விட்டது.

அந்தப் போகத்திலேதான் பக்கத்துக் காணியில் யாரோ கட்டுத்துவக்கு வைத்தார்கள். யார் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அது வீட்டிலே செய்த துவக்கு. மிருகம் வரும் பாதையின் குறுக்கே கட்டிய கம்பியில் கால் பட்டால் தானாக வெடிக்கும். பன்றியின் தோள் உயரத்துக்குக் குறி வைத்திருப்பார்கள். அது மனிதனுக்கு முழங்கால் உயரம். அதிகாலையில் தண்ணீர் திருப்பப் போன கூலியாள் ஒருவரின் காலில் பட்டது. அவர் இன்னும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார். அவருக்கும் பன்றிக்கும் ஒரு பகையும் இல்லை. காணியும் அவருடையதல்ல, பயிரும் அவருடையதல்ல.

சட்டபூர்வமான துவக்கு ஒன்று, அதை எங்கே எப்போது சுடுவது என்று அறிந்த மனிதர் ஒருவர். அந்த இரண்டையும் ஒரு காணியிலிருந்து வெளியேற்றியதும் அந்த இடத்துக்கு வந்தது கண்ணில்லாத துவக்கு. வேட்டையைப் பற்றி நம் நாட்டில் பேசுகிறவர்கள் இந்த இடத்தைப் பார்ப்பதில்லை என்பதுதான் என் குறை. அவர்களுடைய கதையில் வேட்டைக்காரன் ஒருவன், பாதுகாவலர் ஒருவர், நடுவே ஒரு மிருகம். குத்தகைக்காரர் அந்தக் கதையில் இல்லை.

அவர் இல்லாமற்போனது இன்று நேற்றல்ல. பிரித்தானியர் காலத்தில் யானை சுடுவது துரைமாரின் பொழுதுபோக்கு. 1845 இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரொஜர்ஸ் என்பவர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. பயிரை அழிக்கிறது என்று சொல்லி, யானையைக் கொன்றால் அரசாங்கமே சன்மானமும் கொடுத்தது. பிறகு சுடுவதற்கு மிருகங்கள் குறைந்துபோக, 1894 இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று ஆரம்பிக்கப்பட்டது. முன்னின்றவர்கள் தோட்டத் துரைமாரும் வேட்டைப் பிரியர்களும்தான். யாலவில் ஒரு பகுதி நாட்டில் வசித்த வேட்டைப் பிரியர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. எங்கள் அயலிலுள்ள வில்பத்து 1905 இல் சரணாலயமாகி, 1938 இல் தேசிய பூங்காவானது. இடையில் 1937 இல் வந்த தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம்தான் பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

அந்த வேட்டைக்காரர்கள் இல்லாவிட்டால் வில்பத்தும் யாலவும் இன்று இருந்திருக்குமா என்பது சந்தேகம். அந்த நன்றியை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டில் அநுமதிப்பத்திரத்துக்குப் பணம் கட்டிச் சுட்டவர் கனவான். காட்டோரத்தில் குரக்கனைக் காக்கச் சுட்டவர் கள்ள வேட்டைக்காரர். துரைமார் போய்விட்டார்கள், அந்தப் பார்வை போகவில்லை.

இதனால் பன்றி மட்டும் சாகிறதென்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். பன்றிக்கென்று பழத்துக்குள் வெடிமருந்தை ஒளித்து வைப்பதைச் சிங்களத்தில் "ஹக்க பட்டஸ்" என்பார்கள். அதைக் கடித்து வாய் சிதறும் யானைக்குட்டி உடனே சாவதில்லை. தின்ன முடியாமல், குடிக்க முடியாமல் நாட்கணக்கில் கிடந்து சாகிறது. 2011 கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள் இருந்தன. 2023 இல் மட்டும் 450க்கு மேற்பட்டவை இறந்தன. அதே ஆண்டில் யானைகளால் இறந்த மனிதர்கள் 150க்கு மேல். யானைகள் எல்லாமே வெடியாலும் துவக்காலும் சாகவில்லை என்றாலும், பெரும்பாலானவற்றின் சாவில் மனிதக் கை இருக்கிறது.

எங்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பேசியபோது ஒரு தோழி, "மிருகத்தின்ட காட்டைப் பிடிச்சது நீங்க, பிறகு அது வந்துட்டுதுன்னு அழுறீங்க" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால் பாதி உண்மை. வாப்பாவின் குத்தகைக் காணியில் இன்னும் பட்டுப்போகாத பாலை மரத்தின் அடிக்கட்டைகள் நிற்கின்றன. யாரோ வெட்டியிருக்கிறார்கள், நாங்கள் அதன் மேல் கச்சான் போடுகிறோம்.

வில்பத்து என்றதும் நம்மவர்களுக்கு நினைவு வருவது வேறொரு சண்டை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்தில், நம் ஊர்களில், ஏறத்தாழ 20 வருடங்கள் கிடுகுக் கொட்டில்களில் இருந்தார்கள். திரும்பிப் போனபோது அவர்களின் காணிகளில் காடு வளர்ந்திருந்தது, 2012 இல் அது ஒதுக்குக் காடாகவும் பிரகடனப்படுத்தப்பட்டிருந்தது. "முஸ்லிம்கள் வில்பத்தை அழிக்கிறார்கள்" என்று படம் போட்டவர்களுக்கு 1990 நினைவில்லை. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், வெட்டிய காட்டுக்குப் பதிலாக மரம் நடும்படியும் அதற்கான செலவை முன்னாள் அமைச்சர் ஒருவர் ஏற்கும்படியும் தீர்ப்பளித்தது. நம்மவர்கள் பலருக்கு அந்தத் தீர்ப்பு வலித்தது. நான் இங்கே சொல்ல வருவது அந்த வழக்கைப் பற்றி அல்ல. காடு என்ற சொல்லே நம் காதில் குற்றச்சாட்டாக விழத் தொடங்கிவிட்டது. ஆகவே காட்டைப் பற்றி யார் பேசினாலும் நாம் வாதாடத் தொடங்குகிறோம், கூடி யோசிப்பதில்லை. இஹ்ராம் அணிந்தவர் நிலத்தில் வேட்டையாடக் கூடாது என்பதையும், மதீனாவின் எல்லைக்குள் நபியவர்கள் (ஸல்) வேட்டையையும் மரம் வெட்டுவதையும் தடுத்தார்கள் என்பதையும் சிறுவயதிலேயே படித்தவர்கள் நாம். இந்தப் பேச்சில் நாம் பிரதிவாதியாக மட்டும் நிற்கத் தேவையில்லை.

பாகிஸ்தானில் மார்க்கோர் என்ற மலையாடு இருக்கிறது, திருகிய கொம்புகள் கொண்டது. கண்டபடி சுட்டதால் அழியும் நிலைக்கு வந்தது. 1980களில் பலுச்சிஸ்தானின் தோர்கர் மலைப்பகுதி மக்கள் தாங்களே காவல் போட்டார்கள். பின்னர் வடக்கு மலைகளிலும் வருடத்துக்குச் சில கிழட்டுக் கடாக்களை மட்டும் சுட அநுமதி கொடுத்து, வெளிநாட்டு வேட்டைக்காரரிடம் பெரும் தொகை வாங்கினார்கள். அதில் 80 வீதம் அந்தக் கிராமங்களுக்கே போகிறது. 2015 இல் மார்க்கோர் "அழியும் ஆபத்தில் உள்ளவை" என்ற பட்டியலிலிருந்து இறக்கப்பட்டது. பணக்காரர் ஒருவர் கொம்புக்காக ஆட்டைச் சுடுவது எனக்குப் பிடிக்கவில்லை. நம் பன்றிக்கு யாரும் டொலர் கொடுக்கப்போவதுமில்லை. ஆனால் மிருகத்தோடு வாழ்கிறவனுக்கு அந்த மிருகம் உயிரோடு இருப்பதில் ஒரு பங்கு வேண்டும் என்பதை அந்த மலைக்காரர் புரிந்துகொண்டார்கள்.

இவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. பக்கத்துக் குருநாகல் மாவட்டத்தில் கல்கமுவப் பக்கத்தில் வயற்காரர்கள் சேர்ந்து விதைக்கும்போது மின்வேலி போட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றி வைக்கிறார்கள். அரசாங்கத்தின் பெரிய யானை வேலி காட்டு எல்லையில் போகிறது, கம்பி அறுந்தால் திணைக்களம் வர வேண்டும். இது அவர்கள் வேலி, அவர்களே பார்க்கிறார்கள். கலாநிதி பிருதுவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020 இல் தயாரித்த தேசிய செயற்றிட்டமும் இப்படியான வேலிகளையே பரிந்துரைத்தது. போகத்தோடு வந்து போகத்தோடு போகும் வேலி. குத்தகைக்காரரும் அப்படித்தானே? பன்றிக்கு இன்னும் தாழ்வாகக் கம்பி இழுக்க வேண்டியிருக்கும், அது வாப்பாவுக்குத் தெரியும்.

ஆனால் கூட்டு வேலிக்கு ஆட்களின் பெயர் வேண்டும். குத்தகைக்காரரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இரண்டு போகத்துக்கென்றாலும் குத்தகையைக் கிராம உத்தியோகத்தரிடம் பதியவும், பதிந்தவரைச் சேதக் கணக்கிலும் வேலிச் சங்கத்திலும் சேர்க்கவும் ஒரு வழி இருந்தால், கட்டுத்துவக்கு வைப்பவர்களில் பாதிப்பேருக்கு அது தேவைப்படாது. மீதிப்பேரைப் பொலிஸ் பார்த்துக்கொள்ளட்டும்.

இந்த முறையும் வாப்பா அதே இரண்டு ஏக்கரை எடுத்திருக்கிறார். சுற்றியுள்ள ஐந்து குத்தகைக்காரர்கள் சேர்ந்து வேலி போடச் சம்மதித்திருக்கிறார்கள். கட்டை நடச் சொந்தக்காரர்களின் ஒப்புதல் வேண்டும் என்பதால் கடிதங்களை நான்தான் எழுதிக் கொடுத்தேன், உயர்தரத் தமிழ்ப் பாடம் முதல்முறையாக வீட்டுக்கு உதவியது. மூன்று பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். எங்கள் காணிக்காரர், கட்டை நட்டால் நாளைக்குக் காணி கேட்பீர்களோ என்று கேட்டிருக்கிறார். அவருக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டும்.