தோல் மண்டியிலிருந்து வட்டமேசைக்கு

வணிகர் அரசியலுக்கு வரலாமா என்னும் வினா, ஒவ்வொரு தேர்தலின்போதும் நம் சமுதாயத்தில் எழுகிறது. தொழிலைக் காத்துக்கொள்ளவே அவர் வருகிறார் என்று ஒரு சாரார் ஐயுறுகின்றனர். கையில் பொருள் உள்ளவரால்தான் நமக்காகக் குரல் கொடுக்க முடியும் என்று மறுசாரார் வாதிடுகின்றனர். இரு சாராரும் அவருடைய செல்வத்தின் அளவையே பார்க்கின்றனர். அது எவ்வழியில் செலவாகிறது என்பதைப் பார்ப்பதில்லை. இவ்வினாவுக்கு விடை தேடும் நமக்கு, சென்னைத் தோல் வணிகப் பெருமகன் ஹாஜி ஜமால் முஹம்மது சாஹிப் அவர்களின் வாழ்க்கை நல்லதொரு உரைகல்லாகும்.

ஆவாரம் பட்டைச் சாற்றில் ஊறிப் பதமான தென்னிந்தியத் தோல், அக்காலத்தில் கப்பலேறி இலண்டன் ஏலத்தில் விலைபோயிற்று. இறுதி மெருகு அங்கேதான் ஏற்றப்பட்டது. ஆகவே, இங்குள்ள வணிகரின் வாழ்வும் தாழ்வும் கடலுக்கு அப்பால் எடுக்கப்பட்ட முடிவுகளில் தொங்கின. ரூபாயின் மாற்று மதிப்பை 1927இல் ஆங்கில அரசு 18 பென்ஸ் என்று நிலைநிறுத்தியது. 16 பென்ஸே தகும் என்று இந்திய வணிகர்கள் வாதிட்டனர். அவர்கள் சொல் ஏறவில்லை. மதிப்பு உயர்ந்தால் ஏற்றுமதியாளர் கைக்கு வரும் ரூபாய் குறையும். மண்டியில் அமர்ந்து நேர்மையாக வணிகம் செய்தால் போதும் என்று இருந்துவிட முடியாத நிலை அது.

இந்திய வணிகத் தொழில் கழகங்களின் கூட்டமைப்பு, 1931-32ஆம் ஆண்டுக்கு ஜமால் முஹம்மது அவர்களைத் தலைவராக்கியது. 1931இல் இலண்டனில் கூடிய இரண்டாம் வட்டமேசை மாநாட்டில், கன்ஷியாம்தாஸ் பிர்லா, புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் ஆகியோருடன் இந்திய வணிகத்தின் பிரதிநிதியாக அவரும் அமர்ந்தார். காந்தியடிகள் பங்கேற்ற மாநாடு அது. தம் சமுதாயத்தின் நலனை நெஞ்சில் சுமந்த ஒரு முஸ்லிமை, நாட்டின் வணிகர் அனைவரும் தங்கள் குரலாக ஏற்றனர். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அவருடைய பொருள் சென்ற வழியையும் காண்போம். சென்னை முஸ்லிம்கள் ஏற்பாடு செய்த இஸ்லாமியச் சொற்பொழிவுகளுக்கு அவர் புரவலராக விளங்கினார். 1925இல் மௌலானா சையித் சுலைமான் நத்வி அவர்கள் நபிகளாரின் வாழ்வு குறித்து இங்கே உரையாற்றினார். 1929 ஜனவரியில் அல்லாமா இக்பால் வந்தார். பெரம்பூரில் உள்ள ஜமாலியா அரபுக் கல்லூரியும், 1951இல் திருச்சியில் தொடங்கப்பெற்ற ஜமால் முஹம்மது கல்லூரியும் அக்குடும்பத்தின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன. தோல் வணிகத்தில் ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வரும். கல்விக்கு ஈந்தது ஸதகத்துல் ஜாரியாவாக நிலைக்கிறது.

வணிகருக்குத் தன்னலம் இருக்காதா என்று கேட்கலாம். இருக்கும். அதை மறைப்பதே குற்றம். வணிகர் சங்கத்தின் பிரதிநிதி என்று வெளிப்படையாகச் சொல்லி அவைக்குச் செல்பவரை மக்கள் எடைபோட முடியும். மக்கள் பிரதிநிதி என்று சொல்லிக்கொண்டு தம் கடைக்காகப் பேசுபவரை எடைபோட முடியாது. துணி வணிகரான அபூபக்ர் (ரலி) அவர்கள் கலீஃபாவான பின்பும் துணிகளைச் சுமந்து சந்தைக்குப் புறப்பட்டபோது, தோழர்கள் தடுத்து, பைத்துல் மாலிலிருந்து அவர்களுக்கு அளவான உதவித்தொகை வகுத்தார்கள். பதவி அமானிதம்; கடைக்கும் அதற்கும் இடையே சுவர் வேண்டும் என்பதே இதில் நாம் பெறும் பாடம்.

ஆகவே, வணிகர் வரட்டும். வாக்குக் கேட்டு வருபவரிடம் நாம் மூன்றைக் கேட்போம்: உங்கள் தொழில் எது? அது தொடர்பான முடிவுகளில் விலகி நிற்பீர்களா? இதுவரை உங்கள் பொருளால் எந்தப் பிள்ளை படித்தது? சுவரொட்டிகளின் எண்ணிக்கை இவற்றுக்கு விடையாகாது. ஜமால் முஹம்மது சாஹிப் அவர்களின் நற்பணிகளை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! அத்தகையோரை அடையாளம் காணும் தெளிவை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.